கப்பல் இன்னும் வரவில்லை

“மெதுவாடா, ஆட்டாதே. அது இன்னும் முடியலை,” என்றாள் அம்மா, சுவரோரம் உட்கார்ந்தபடியே.

தம்பியும் சித்தப்பாவும் கம்ப்யூட்டர் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கியிருந்தார்கள். பக்கவாட்டில் கண்ணாடி பதித்த கறுப்புப் பெட்டி. அதையும் அது இருந்த மேசையையும் அப்புறப்படுத்தினால்தான் முன்னறையில் அப்பாவைக் கிடத்த இடம் கிடைக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி கிளம்பிவிட்டதாக ஃபோன் வந்திருந்தது.

“அக்கா, இதை எங்க வைக்க?”

“எங்கயாவது வை. வர்றவங்க கண்ணுல படாம வை.”

சொல்லி முடித்த பிறகுதான் பெரியவளுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. அவள் அந்த வீட்டில் பெரியவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நேற்று மத்தியானம் படுத்த அப்பா எழுந்திருக்கவில்லை. அதற்குள் அவள் மனம், தலைமையாசிரியை வந்தால் இந்தப் பெட்டி எந்தப் பக்கம் இருக்கும் என்று கணக்குப் போடுகிறது.

“எனக்குப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு அண்ணன் ஒரு காப்பி ஆறுறதுக்குள்ள சரின்னுட்டாரு,” என்றார் சித்தப்பா, பின்னறை வாசலில் மூச்சு வாங்கியபடி. “இந்தப் பெட்டிக்கு மாசக்கணக்கா அலைஞ்சாருப்பா.” யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்துவிட்டு, துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவள் விடைத்தாள் திருத்தும் பின்னறையில் பெட்டியையும் திரையையும் வைத்தார்கள். மேலே ஒரு பழைய போர்வையை எடுத்துப் போர்த்தினாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்ற பிறகு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த கேம் சென்டருக்குப் போக ஆரம்பித்தார். அங்கே வரும் பையன்கள் அவருக்கு ‘லிஃப்ட் மாமா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காதை மூடிய ஹெட்ஃபோனோடு அவர் போடும் சத்தம் தெருவுக்குக் கேட்கும் என்று சொல்வார்கள். பெரியவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை, வகுப்பில் ஒருவன் வீட்டுப்பாடம் செய்யாமல் வரும்வரை.

“ஏன்டா கணக்குப் போடலை?”

“நேத்து உங்கப்பா விடலை டீச்சர். வளைச்சு வளைச்சு சுட்டுட்டாரு. திருப்பிச் சுடாம எப்படி டீச்சர் எந்திரிச்சு வர்றது?”

வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், “ஸ்கூல்ல என்னால தலைகாட்ட முடியலைப்பா,” என்றாள். “சரிம்மா, இனிமே சென்டருக்குப் போகலை,” என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, “வீட்டுலயே ஒண்ணு செஞ்சுக்கறேன். நாலு சுவத்துக்குள்ள இருந்தா யாருக்கும் தெரியாதுல்ல,” என்றார்.

தெரியாமலா இருந்தது? பாகம் பாகமாகப் பார்த்து வாங்கியதில் ஊருக்கே தெரிந்துபோயிற்று. காலமெல்லாம் லிஃப்டைப் பிரித்துப் பூட்டிய மனிதர். எதையும் நாலு பேரிடம் கேட்காமல் வாங்க மாட்டார். பவர் சப்ளை மட்டும் நல்லதாக இருக்க வேண்டும் என்பார். “லிஃப்டுக்குக் கயிறு மாதிரி இது. கயித்துல மிச்சம் பிடிக்கிறவன் ஏறவே கூடாது.” கேபினெட் பெட்டியின் முன்பக்கம் காற்றுப் போகச் சல்லடையாகத்தான் வேண்டும், “அழகுக்காக யாராச்சும் மூக்கை அடைச்சுக்குவாங்களா?” விளக்கெரியும் ராம் மெமரி வேண்டாம், “ஞாபகசக்திக்கு எதுக்கு லைட்டு?” சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் அவர் பெரியவளிடம்தான் சொன்னார். அவள் விடைத்தாளிலிருந்து தலையை எடுக்காமல் ‘ம்’ கொட்டினாள்.

தலைமையாசிரியை ஒருநாள் ஆசிரியர் அறையில் கேட்டார். “உங்கப்பா கேமிங் கம்ப்யூட்டர் செய்யறாராமே? எங்க பேரனும் அதான் கேக்கறான். அவனுக்கு ஏழு வயசு.”

அந்த வாரக் கடைசியில் பெரியவள் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைக்குப் போனாள். கடையை நடத்தும் பெண் அவளிடம் படித்தவள். இன்றைக்கும் அவளைக் கண்டால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாள். அப்பா மற்றதெல்லாம் வாங்கி முடித்து, விளையாட்டைத் திரையில் காட்டும் கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் பணம் கட்டிவிட்டுப் போயிருந்தார். கார்டு அலமாரியில் இருந்தது. மறுநாள் வந்து வாங்குவதாகச் சொல்லியிருந்தாராம்.

“அதைக் குடுக்காதேம்மா,” என்றாள் பெரியவள். “அப்பா இதயம் படபடப்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஸ்டாக் இல்லைன்னு சொல்லு. அம்மாகிட்டயும் மூச்சு விடாதே, பயந்துடுவாங்க.”

எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

“டீச்சர் சொன்னா சரி, டீச்சர்,” என்றாள் கடைக்காரப் பெண்.

பெரியவளுக்கு அது பெரிய தப்பாகத் தோன்றவில்லை. ஆசை அறுபது நாள். கார்டு இல்லாவிட்டால் தானாக ஆறிவிடும். அப்புறம் பார்த்தால், அப்பா சாயங்காலங்களில் அந்தப் பெட்டியின் முன் உட்காரத்தான் செய்தார். பெட்டிக்குள் மின்விசிறிகள் சுழலும் சத்தம் கேட்கும். கூச்சல் இல்லை, ஹெட்ஃபோன் இல்லை. ஏதோ அமைதியான விளையாட்டு போலிருக்கிறது என்று அவர் முதுகைப் பார்த்தபடியே அவள் கடந்துபோவாள். எல்லோருக்கும் நல்லதாகவே முடிந்தது என்றுகூட நினைத்தாள்.

ஆஸ்பத்திரி வண்டியில் அப்பா வந்து சேர்ந்தார். வாடகை நாற்காலிகள் வாசல்வரை நிறைந்தன. தலைமையாசிரியை வந்து அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒருவர் எழுந்தால் ஒருவர் வந்து, எப்படி ஆச்சு, யாரு பார்த்தா என்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லித் தம்பிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

வாசல் கேட் அருகே கடைக்காரப் பெண் தென்பட்டதும் பெரியவள் எழுந்து ஓடாத குறையாகப் போனாள். பெண்ணின் கையில் துணிப்பை இருந்தது. முகம் அழுது வீங்கியிருந்தது.

“நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சே டீச்சர். இதயம்தானாமே. நல்லவேளை நான் கார்டைக் குடுக்கலை. குடுத்திருந்தா என்னாலதான்னு காலம் பூரா அழுதிருப்பேன்.”

பெரியவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “பையில என்ன?”

“ஐயாவோட கார்டு. அவர் பேர் எழுதி வச்சது, வேற ஆளுக்குக் குடுக்க மனசு வரலை. நேத்துக் காலையிலகூடப் படியேறி வந்தாரு டீச்சர். கார்டு வர்ற கப்பல் இன்னும் வரலைய்யான்னேன். ‘கப்பல் கவிழ்ந்தாத்தான் கன்னத்துல கை வைக்கக் கூடாது, லேட்டா வந்தா வச்சுக்கலாம்ல’ன்னு கேட்டாரு. வச்சுக்கிட்டு உக்காந்தும் காட்டுனாரு.”

“இப்ப இதை எதுக்குக் கொண்டு வந்தே? எடுத்துட்டுப் போயிடு. அதான் இது இல்லாமயே ஏதோ விளையாடிட்டு இருந்தாரே.”

கடைக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “இது இல்லாம விளையாட முடியாது டீச்சர். அவர் எடுத்த பிராசஸருக்குத் தனியாப் படம் காட்டத் தெரியாது. கார்டுதான் வருதே, ஒரு வேலைக்கு ரெண்டு ஆள் எதுக்குன்னு அதைத்தான் எடுத்தாரு. விசிறி சுத்தும். திரையில ஒரு எழுத்துகூட வந்திருக்காது.”

ஒரு வேலைக்கு ரெண்டு ஆள் எதுக்கு. அதையும் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறார். அதற்கும் ‘ம்’ கொட்டியிருக்கிறாள். அப்படியானால் அத்தனை சாயங்காலமும் அப்பா எதன் எதிரே உட்கார்ந்திருந்தார்?

“பெரியவளே, யாரது?” அம்மாவின் குரல். “கடைக்காரப் பொண்ணா? உள்ள வரச் சொல்லு.”

தடுக்க வழியில்லை. பெண் உள்ளே வந்து அப்பாவின் காலருகே நின்றுவிட்டு, அம்மாவின் முன் மண்டியிட்டாள். அம்மா பையைப் பார்த்தாள்.

“வந்துடுச்சா?”

“வந்துடுச்சும்மா.”

“இன்னிக்கா வரணும்?” அம்மாவின் குரல் உயரவில்லை. “தினமும் சாயந்தரம் போட்டுப் பாப்பாரு. விசிறிச் சத்தம் நல்லா இருக்கான்னு காதை வச்சுக் கேப்பாரு. இருட்டுத் திரையைத் தொடைச்சு வச்சுட்டு வந்து படுத்துக்குவாரு. வேற கடைக்குப் போங்களேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ‘அது நம்ம பெரியவகிட்டப் படிச்ச பொண்ணு, பொய் சொல்லாது’ன்னுட்டாரு. உனக்கு எங்கயாச்சும் ஒண்ணு தேடிக் குடுக்கணும்னு தோணலையாம்மா?”

கடைக்காரப் பெண் மெல்லத் திரும்பிப் பெரியவளைப் பார்த்தாள். விடை தெரிந்தும், சொல்லலாமா என்று கரும்பலகைப் பக்கம் பார்க்கும் பார்வை.

தலைமையாசிரியை இருவரையும் பார்த்தார். பெரியவள் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொன்னால் போதும். சின்ன வாக்கியம். அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், அவருக்கு மேலே சுவரில் இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கப்பல் லேட்டும்மா,” என்றாள் கடைக்காரப் பெண். “என் மேலதான் தப்பு.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு வண்டி வந்தது. தம்பியும் சித்தப்பாவும் மற்ற ஆண்களும் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டம் கலைந்தது. தலைமையாசிரியை பெரியவளின் தோளை அழுத்தி, “அப்பாவை நல்லாப் பாத்துக்கிட்டீங்க,” என்று சொல்லிப் போனார். கடைக்காரப் பெண் மட்டும் போகவும் தெரியாமல் இருக்கவும் தெரியாமல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“கொண்டு வந்துட்டே,” என்றாள் அம்மா அவளைப் பார்க்காமல். “பூட்டிக் குடுத்துட்டுப் போ. அரைகுறையா வேலையை வச்சா அவருக்குப் பிடிக்காது.”

பின்னறையில் போர்வையை எடுத்தார்கள். உள்ளே வயர்கள் ஒவ்வொன்றும் பின்னி, கட்டி, ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன. நடுவில் ஓரிடம் காலியாக இருந்தது. பெரியவள் ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்தாள். “கொஞ்சம் கிட்ட டீச்சர்,” என்றாள் பெண். கார்டு ‘டக்’கென்று உட்கார்ந்தது.

பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் கிளம்பின. திரை வெளுத்தது. பாகங்களின் பெயர்கள், வேகம், சூடு என்று வரிசையாக எழுத்துகள் வந்து நின்றன. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“இவ்வளவுதானா?”

“இனிமேதான் விளையாட்டை ஏத்தணும்மா.”

“வேணாம், அணைச்சுடு.” பிறகு, “இதையாவது பாத்திருக்கலாம்,” என்றாள். அவள் எழுந்து முன்னறைக்குப் போனாள். பெண்ணிடம் போய்ட்டு வா என்று சொல்லவில்லை.

பெரியவள் பெண்ணோடு வாசல்வரை வந்தாள். வெயில் இன்னும் இருந்தது. பெண் படியில் நின்றாள். காலி துணிப்பையை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

“நான் போகட்டுமா டீச்சர்?”

பெரியவள் குனிந்தாள். கலைந்து கிடந்த செருப்புகளுக்கிடையே பெண்ணுடையதைத் தேடினாள். ஒன்று படியின் கீழே, மற்றது பூத்தொட்டியின் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. இரண்டையும் கையில் எடுத்தாள். மண்ணைத் தன் புடவைத் தலைப்பால் தட்டிவிட்டு, பெண்ணின் கால்களுக்கு முன்னால் ஜோடியாக, நேராக வைத்தாள்.

“ஐயோ, டீச்சர்...”

பெண் காலை நுழைக்காமல் நின்றுகொண்டே இருந்தாள். பெரியவளும் குனிந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.