தாம்பாளம் போட்ட எஞ்சின்

“தாம்பாளத்தை வெட்டிட்டியளா? எங்கம்மா சீர் வச்ச—”

“முழுசாக் கேளு வள்ளி, தகடு நல்ல கனமா இருந்துச்சு—”

“தாலி வச்சு சபையில சுத்தி வந்த தாம்பாளம்! அத போய்—”

“அதைத்தான்டி நானும் சொல்றேன். அசல் செம்பு! இந்த அரபு நாட்டு சோஹார்ல அதுக்கு யாருகிட்ட போயி நிக்கச் சொல்றே?”

நாகவள்ளி கையில் இருந்தது வெறும் விளிம்பு. வளையல் மாதிரி அதற்குள் கையை விட்டு நின்றாள். நடுத்தட்டு முழுவதும், பேரீச்சந்தோட்டத்து ஷெட்டில் அவர்கள் முன்னால் நிற்கும் அந்தக் கிழட்டுச் சிவப்பு டிராக்டரின் வயிற்றுக்குள் போய்விட்டது. செய்த வேலைக்குக் கூச்சமே இல்லாமல் அவள் புருஷன் அம்மையப்பன் கரி பூசிய முகத்தோடு சிரித்தான்.

அடிபட்டுக் கிடந்த லாரியில் கழற்றிய டர்போவை மாட்டி, டீசல் பம்பின் திருகையும் முடுக்கிவிட்டிருந்தான். எஞ்சினுக்குப் பேய் பிடித்தாற்போல் வேகம் வந்தது. அந்த வேகம் தாங்காமல் எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் அடுத்தடுத்துப் புகைந்து போக, செம்புத் தகட்டில் ஒன்று வெட்டினால் தாங்கும் என்று அவனுக்கு யோசனை. யோசனை வந்த நேரத்தில் கண்ணில் பட்டது தாம்பாளம்.

வேறு சமயமாக இருந்தால் அவள் ஒரு வாரம் பேசியிருக்க மாட்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை கடற்கரையில் இழுவைப் போட்டி. போன வருடம் போல் கடைசியில் வந்து மானத்தை வாங்கினால் டிராக்டரை ஸ்க்ராப்புக்குப் போட்டுவிடுவேன் என்று தோட்டத்து முதலாளி அர்பாப் மஹ்மூது சொல்லிவிட்டார். டிராக்டர் போனால் டிரைவர் எதற்கு? எங்கோ தூரத்தில், இப்ரியில் இருக்கும் அர்பாபின் அண்ணனுடைய ஒட்டகப் பண்ணைக்கு அம்மையப்பன் போக வேண்டியதுதான். வீட்டு வேலைக்கு வந்த நாகவள்ளி இங்கேயே. அவன் இங்கே, அவள் ஊரில் என்று வருடக்கணக்கில் டெலிபோனில் குடித்தனம் நடத்தி, அர்பாபின் மனைவியிடம் மன்றாடி, இப்போதுதான் ஒரே கூரைக்குக் கீழே சோறு தின்கிறார்கள்.

“சரி, போனது போகட்டும்,” என்று பின்சக்கரத்தைத் தட்டிப் பார்த்தாள். “டயர்ல என்ன செய்து வச்சிருக்கிய? கல்லு மாதிரி இருக்கு.”

“பின்சக்கரம் ரெண்டுலயும் தண்ணி ரொப்பிருக்கேன். வெயிட்டு இருந்தாத்தான் பிடிக்கும்.”

“கடக்கரை மண்ணுல்லா அது! வெறச்ச டயரு புதைஞ்சிரும். தண்ணிய வடிச்சு, காத்தக் கொறச்சு, தளர்த்தி விடுங்க.”

“தஞ்சாவூர்ல கரும்பு லோடு இழுத்தவன்டி நான்.”

“உங்க ஊரு களிமண்ணுக்கு அது சரி. நான் தேரிக்காட்டுக்காரி. எங்க தேரி மணலுக்குள்ள வார லாரிக்காரன் மொதல்ல காத்தத் தொறந்து விட்டுட்டுத்தான் உள்ள வருவான்.”

“மகாராணி, சமையக்கட்டுல குழம்பு கொதிக்குது, பாரு.”

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கடற்கரை நிறைந்துவிட்டது. இழுக்க வேண்டியது ஒரு பழைய மீன்படகு. கொடி நட்ட ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பேர் ஓடிவந்து படகுக்குள் ஏறிக்கொள்வார்கள். போகப் போகப் பாரம் கூடும். எந்த டிராக்டர் அதிகத் தூரம் போகிறதோ அதற்குப் பரிசு. ஆளுக்கு இரண்டு வாய்ப்பு.

நாகவள்ளி வீட்டுப் பெண்களோடு வண்டியோரம் காவா காப்பி ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவப்பு டிராக்டர் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. அம்மாடி, என்ன சத்தம்! இரண்டாவது கொடி தாண்டவில்லை. பின்சக்கரம் நின்ற இடத்திலேயே குழி பறித்து அச்சுவரை இறங்கிவிட்டது. படகில் ஏறியிருந்தவர்களே இறங்கித் தள்ளி மேலே ஏற்றினார்கள். கூட்டம் சிரித்தது. அர்பாப் சிரிக்கவில்லை.

ஃபிளாஸ்க்கை யார் கையிலோ திணித்துவிட்டு நாகவள்ளி நடந்தாள். அத்தனை ஆண்களுக்கும் நடுவில் போய்ப் பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினாள்.

“வள்ளி, எல்லாரும் பாக்கறாங்கடி.”

“பாக்கட்டும். வண்டிய ஒரு சாண் முன்ன எடுங்க, வால்வு கீழ வரட்டும்.”

“மானம் போவுது.”

“மானம் போனா வாங்கிக்கிடலாம். நீங்க இப்ரி போனா நான் யாருகூட சண்டை போட?”

அம்மையப்பன் கியரைப் போட்டான். வண்டியை நகர்த்தினான். அவள் வால்வைத் திருகினாள். தண்ணீர் பீய்ச்சி அடித்து அவள் புடவையை நனைத்தது. அர்பாப் ஓடிவந்தார். “க்யா கர்தா ஹை?” என்ன செய்கிறாய் என்று கத்தியவர், டயர் மெல்லத் தளர்ந்து மணலில் அகலமாக உட்காருவதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார். தன் ஜீப்பை மணலில் இறக்கும்போதெல்லாம் அவர் செய்வதுதான் அது. டிராக்டருக்கும் செய்யலாம் என்று அவருக்கே தோன்றவில்லை.

மற்றவர்கள் இழுத்து முடிப்பதற்குள் இரண்டு டயரும் வடிந்துவிட்டன.

இரண்டாவது ஓட்டத்தில் சக்கரம் புதையவில்லை. மணலை அணைத்துக்கொண்டு போனது. கொடிக்குக் கொடி ஆள் ஏற, படகு கல்யாண வேன் மாதிரி நிரம்பியது. கடைசியில் அர்பாபே வெள்ளை உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “யல்லா! யல்லா!” என்று தாவி ஏறினார். எஞ்சின் அலறியது. தாம்பாளம் தாங்கியது.

முதல் பரிசு பக்கத்துத் தோட்டத்துப் புது டிராக்டருக்குத்தான். இரண்டாவது இவர்களுக்கு. அர்பாப் இறங்கிவந்து பானெட்டைத் தட்டினார். “கலாஸ், ஸ்க்ராப் மாஃபி,” என்றார். முடிந்தது, ஸ்க்ராப் இல்லை. அம்மையப்பனைப் பார்த்து, “தும் பீ இதர்,” என்றார். நீயும் இங்கேயே.

நாகவள்ளி ஈரப் புடவையைப் பிழிந்தாள். கண்ணையும் சேர்த்துத் துடைத்தாள். திரும்பும்போது அவனோடு மட்கார்டில் உட்கார்ந்துகொண்டாள்.

“தேரிக்காட்டுக்காரிக்கு நன்றி சொல்ல வாய் வராதோ?”

“சொன்னா தலையில ஏறி உக்காந்துக்குவே. மட்கார்டே போதும்.”

“ஊருக்குப் போகையில என் தாம்பாளத்தக் கழட்டித் தந்திரணும்.”

“கழட்டுனா எஞ்சின் நின்னுடும்டி. எஞ்சின் நின்னா, நாம ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கிறதும் நின்னுடும்.”

“அப்பம் நாம ஊருக்குப் போறது எப்பம்?”