குண்டான சருகு

தேக்குத் தோப்பின் மேலாளர் என் மனைவியின் அண்ணன். தரையில் ஒரு சருகு கிடந்தாலும், தன் வெள்ளைச் சட்டையில் மை கொட்டியதுபோல முகம் சுளிப்பார். கன்றுகள் வளர்ந்தனவோ இல்லையோ, துடைப்பங்கள் வளர்ந்தன. சருகைக் கூட்டி எரித்துவிட்டு, மூட்டை மூட்டையாக உரம் வாங்கிக் கொட்டுவார். சாப்பாட்டைக் கொளுத்திவிட்டுச் சத்து மாத்திரை விழுங்கும் ரகம். கன்றுகளோ காமாலை கண்டதுபோல நின்றன.

நான் மண் ஆராய்ச்சிக்காரன். குடும்பத்தில் என் பட்டம், "இலை அழுகுறதை வேடிக்கை பார்க்குற மாப்பிள்ளை". கெஞ்சிக் கூத்தாடி, ஒரு வரிசையைக் கூட்டாமல் விடச் செய்தேன். அங்கே வலைப்பைகளில் சருகை நிறுத்துப் போட்டு வைத்தேன். சருகு மட்க மட்கப் பை இளைக்கும். அதன் சத்து மண்ணில் இறங்கி வேருக்குப் போகும். தோப்பின் முதலாளி கண்ணால் பார்த்து நம்பினால் எரிப்பது நிற்கும். இல்லையென்றால் என் வரிசைக்கும் தீ.

சில மாதங்கள் கழித்து முதலாளி வந்தார். பையைத் தராசில் வைத்தேன். எடை கூடியிருந்தது. பிரித்தால், உள்ளே சருகு மொறுமொறுவென்று இருந்தது.

"என்ன மாப்பிள்ளை, உங்களை மாதிரியே உக்காந்த இடத்துல குண்டாயிடுச்சா?" என்றார் மச்சான். முதலாளி சிரித்தபடி காவல் கொட்டகைப் பக்கம் நடந்தார்.

காவல்காரர் என்னை ஓரமாக இழுத்தார். "சார், பைக்குள்ள எல்லாம் கறுத்துக் கெட்டுப்போச்சு. என் காவல்ல கெட்டா உங்களுக்குத்தானே கெட்ட பேரு? அதான் கறுக்கக் கறுக்க, நல்ல சருகாப் பொறுக்கி மாத்திக்கிட்டே வந்தேன்."

என் வேலைமேல் இவ்வளவு அக்கறை காட்டிய ஒரே மனிதர். அக்கறையாலேயே என்னைக் கொன்றுவிட்டார். காட்டிக்கொடுத்தால் என் வரிசை பிழைக்கும். மச்சான் சருகோடு இவரையும் கூட்டித் தள்ளிவிடுவார். வாயை மூடிக்கொண்டேன். கல்யாணமானவன், பழக்கம் உண்டு.

"பழசை எங்க போட்டீங்க?"

"கொட்டகை ஓரத்துல, அந்தக் கன்னுக்கு அடியில."

முதலாளி அதே கன்றின் முன்னால்தான் நின்றிருந்தார். "இது மட்டும் எப்படி இவ்வளவு பச்சையா இருக்கு?"

மச்சான் கண் இமைக்கவில்லை. "அதை நானே நேர்ல கவனிச்சுக்கிட்டேன் சார்."

"அப்போ எல்லாத்துக்கும் அதையே பண்ணுங்க."

முதலாளியின் கார் போனதும் மச்சான் கன்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து, அடியில் கறுத்துக் கிடந்ததைக் கிளறி, விரலை முகர்ந்தார்.

"மாப்பிள்ளை, இதுக்கு நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணுமே பண்ணலை மச்சான். இனிமே எல்லாத்துக்கும் அதையே பண்ணுங்க."