மண்டபத்துக்கு ஒரு டார்ச்

கல்லைப் படமெடுக்க மஞ்சள் வெளிச்சம் வேண்டும். வெள்ளை வெளிச்சம் பட்டால் கல் சாம்பல் பூத்ததுபோல் படத்தில் விழும். டார்ச் மங்கலாக எரிய வேண்டும். நடுவில் பளீரென்று பொட்டு இருக்கக்கூடாது. ஓரம் கரைந்து பரவ வேண்டும். இதையெல்லாம் டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரரிடம் சொன்னேன்.

"மங்கலா எரியிற டார்ச்சா? இத்தன வருசத்துல இப்பத்தான் சார் ஒருத்தர் இப்படிக் கேக்குறீக."

"ராத்திரி படம் எடுக்க."

"அதுக்குத்தான் பிளாஷ் இருக்குல்ல?"

விளக்கினேன். கேமராவை முக்காலியில் நிறுத்தி, அதன் கண்ணை அரை நிமிடம் திறந்து வைத்துவிடுவோம். பிறகு இருட்டில் நடந்துபோய், சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல, எடுக்க வேண்டிய பொருளின் மேல் டார்ச் வெளிச்சத்தைப் பூசுவோம். பூசிய இடம் மட்டும் படத்தில் விழும்.

"இருட்டுல போய் நின்னு... என்ன சார், பேயப் படம் புடிக்கப் போறீகளா?"

"ஆமாண்ணே, பேயத்தான்" என்றான் சுருளி.

சுருளி என் மனைவி சுபலட்சுமியின் தம்பி. அவள் இறந்து பத்து மாதம் ஆகிறது. கொட்டாம்பட்டிக்கு உள்ளே ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டிய பிறகு திரும்பிக்கொண்டிருந்தாள். கண்மாய்க் கரை வளைவில், குவாரி டிப்பர் லாரி அவள் ஸ்கூட்டரில் மோதியது. ஓட்டியவன் பெயர் முத்திருளன். ஜாமீனில் வந்து அதே ரோட்டில் அதே லாரியை ஓட்டுகிறான். வழக்கு நடக்கிறது. கோர்ட்டுக்கு நான் ஒரு முறையும் போகவில்லை.

அந்த வளைவை ஒட்டி ஒரு கல்மண்டபம் இருக்கிறது. பாதிக் கூரை விழுந்துவிட்டது. இருட்டில் வெளிச்சம் பூசி எடுத்தால் நன்றாக வரும் என்று சுபலட்சுமி சொல்லியிருந்தாள். போன வாரம் சுருளி கே.கே. நகர் வீட்டுக்கு வந்தான். "அக்கா சொன்ன மண்டபத்த எடுத்துருவோம் மாமா. நான் டார்ச் புடிக்கிறேன்" என்றான். சரி என்றேன். இப்போதெல்லாம் யார் எதைச் சொன்னாலும் சரி என்கிறேன்.

கடைக்காரர் பின்னறை விளக்கை அணைத்தார். ஒவ்வொரு டார்ச்சாகச் சுவரில் அடித்துப் பார்த்தேன். ஒன்றில் நீலம் தட்டியது. ஒன்றில் வளையம் விழுந்தது. கடைசியாக ஒரு பிளாஸ்டிக் டார்ச். மழுங்கிய மஞ்சள். சுவரில் எண்ணெய் ஊறியதுபோல் பரவியது. இது போதும் என்றேன்.

சுருளி சுவரைப் பார்க்கவில்லை. கண்ணாடி அலமாரியிலிருந்து நீளமான கறுப்பு உலோக டார்ச் ஒன்றை எடுத்து வைத்திருந்தான்.

"இது எம்புட்டுத் தூரம் போகும்ணே?"

"அரைக் கிலோமீட்டர் அடிக்கும். பேரையூர்ப் பக்கம் காட்டுப்பன்னிக்கு வாங்கிட்டுப் போறாக. கண்ணப் பாத்து அடிச்சா அப்புடியே நின்னுரும்."

"ஓடாதா?"

"கண்ணு தெரியாம எங்குட்டு ஓடும்?"

"மனுசனுக்கும் அப்படித்தானா?"

கடைக்காரர் சிரித்தார். "ஏன், மாமாவுக்கு அடிச்சுப் பாக்கணுமா?"

"அது வேண்டாம் மாப்ள. பட்ட இடமெல்லாம் வெள்ளையா எரிஞ்சுபோகும்" என்றேன்.

"இருக்கட்டும் மாமா. கரையில பாம்பு கெடக்கும்."

அவனே வாங்கிக்கொண்டான். வெள்ளை வெளிச்சம், நடுவில் ஊசிபோல் பொட்டு. மண்டபத்துக்கு எந்த விதத்திலும் ஆகாத டார்ச். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பைக்கை அவன் ஓட்டினான். நான் கேமராப் பையுடன் பின்னால் உட்கார்ந்தேன். மேலூர் தாண்டியதும் கழுத்தைத் திருப்பாமல் கேட்டான்.

"டார்ச் புடிக்கிறவன் படத்துல விழமாட்டான்ல?"

"கறுப்புச் சட்ட போட்டுக்கிட்டு நகந்துக்கிட்டே இருந்தா விழமாட்டான்."

"அங்க ஒருத்தன் இருந்தான்னே தெரியாது."

"தெரியாது."

அவன் கறுப்புச் சட்டைதான் போட்டிருந்தான்.

கொட்டாம்பட்டியில் டீ குடிக்க நிறுத்தினோம். சுருளி டீக்கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தான்.

"குவாரி வண்டி போயிருச்சாண்ணே?"

"முத்திருளன் வண்டியா? லோடு ஏத்தப் போயிருக்கான். இருட்டுனதும் திரும்பிருவான். ஏன், வீடு கட்டுறீகளா?"

"வீடெல்லாம் இல்லண்ணே. ஒரு சின்ன வேல."

"சின்ன வேலைக்கெல்லாம் அவென் வரமாட்டான். பெரிய கை அவென்."

சுருளி சிரித்தான். எனக்குப் புரிந்தது. வளைவில் திரும்பும் லாரி. ஓட்டுபவன் கண்ணுக்கு நேரே அந்த வெள்ளைப் பொட்டு. ஒரு பக்கம் கண்மாய், மழைக்குப் பிறகு நிறைந்து கிடக்கிறது. தடுப்புச் சுவர் கிடையாது. வண்டி உள்ளே போனால் அவன் வெளியே வர முடியாது.

வேண்டாம் மாப்ள, வீட்டுக்குப் போவோம் என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு உள்ளே தேடினேன். ஒன்றும் இல்லை. டீயைக் குடித்து முடித்தேன்.

மண்டபத்தை அடைந்தபோது இருட்டிவிட்டது. முக்காலியை விரித்தேன். மஞ்சள் டார்ச்சை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து, சாய்ந்த தூணை மேலிருந்து கீழாக ஒரு முறை பூசினேன். திரையில் பார்த்தேன். உளி பட்ட தடம் ஒவ்வொன்றும் தெரிந்தது. நல்ல படம். நல்ல படம் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

சுருளி பக்கத்தில் இல்லை. வளைவின் முனையில், ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தான்.

"மாப்ள, இங்க வா."

"நீங்க எடுங்க மாமா."

கண்மாய்க்கு அந்தப் பக்கம் லாரி விளக்கு தெரிந்தது. அதன் பிம்பம் தண்ணீரில் கூடவே ஓடி வந்தது. எஞ்சின் சத்தம் கரையேறியது. நான் முக்காலியைப் பிடித்தபடி நின்றேன். கத்தவில்லை. லாரி வளைவில் திரும்பியதும் சுருளி டார்ச்சைப் போட்டான்.

லாரியின் முன்கண்ணாடி முழுக்க வெள்ளையானது. தண்ணீர்ச் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

பிரேக் சத்தம் வந்தது. லாரி கோணலாக இழுத்துக்கொண்டு போய், மண்டபத்தைத் தாண்டி, வயலைப் பார்த்து நின்றது. கதவு திறந்தது. ஓர் ஆள் இறங்கி ஓடி வந்தான். கையில் தண்ணீர் பாட்டில்.

"என்னண்ணே? யாருக்கும் அடிபட்டுருச்சா?"

உதவிக்குக் கூப்பிடுகிறோம் என்று நினைத்துவிட்டான். அந்த ரோட்டில் இருட்டில் டார்ச் அடிப்பவர்கள் வேறு எதற்கு அடிப்பார்கள்?

சுருளி டார்ச்சைத் தரையைப் பார்த்துத் தாழ்த்தினான்.  முத்திருளன் முக்காலியைப் பார்த்தான்.

"அட, போட்டோவா! உசுரே போயிருச்சு. இந்த வளைவுல நிக்காதீகண்ணே, மோசமான எடம். போன வருசம் ஒரு டீச்சரம்மா இங்கதான் செத்துப்போச்சு."

"எப்படி?" என்றான் சுருளி.

"லைட்டே இல்லாம வந்துச்சுண்ணே. இருட்டுல நமக்கென்ன தெரியும்?"

"அது புது ஸ்கூட்டரு. லைட்ட அமத்த அதுல சுவிச்சே கெடையாது. வண்டி ஓடுனா எரியும்."

முத்திருளன் பாட்டிலைத் தாழ்த்தினான். "நீங்க..." என்று ஆரம்பித்தான்.

சுருளி டார்ச்சை அவன் கண்ணுக்கு உயர்த்தினான். அவன் முகத்தைத் திருப்பினான். வெளிச்சமும் கூடவே திரும்பியது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஓர் அடி பின்னால் வைத்தான். சுருளி ஓர் அடி முன்னால் வைத்தான். யாரும் யாரையும் தொடவில்லை.

"அண்ணே, வேணாம்ணே. கண்ணு தெரியலண்ணே."

மறுபடி ஓர் அடி. அவனுக்குப் பின்னால் கரை முடிந்து, கல் பாவிய சரிவு. அதற்குக் கீழே தண்ணீர். அவனுக்குத் தெரியாதது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவு வெளிச்சம். ஒரு செருப்பு கழன்று சரிவில் உருண்டது. தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது.

அவன் விரல்களின் ஓரம் வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிந்தது. உள்ளே ஓடும் ரத்தத்தின் சிவப்பு. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சுருளிக்கு முன்னால் போய், டார்ச் முகப்பை உள்ளங்கையால் பொத்தினேன். அது கொதித்தது. கையை எடுக்கவில்லை.

"தள்ளுங்க மாமா."

"வேணாம் மாப்ள."

"அது எங்க அக்காடா!" என்றான். என்னிடம் அவன் இதுவரை அப்படிப் பேசியதில்லை.

இழுத்தான். நானும் இழுத்தேன். டார்ச் என் கைக்கு வந்தது. அணைத்துக் கண்மாய்க்குள் எறிந்தேன். லாரியின் விளக்குகள் வயலில் எரிந்துகொண்டிருந்தன. கரையில் எதுவும் தெரியவில்லை. சுருளி எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதும் தெரியவில்லை.

"நகராதீங்க. பின்னாடி தண்ணி" என்றேன்.

"யாருண்ணே நீங்க?"

"டீச்சர் வீட்டுக்காரன்."

 அவன் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. மஞ்சள் டார்ச்சைப் போட்டு, அவன் காலுக்கு முன்னால் மண்ணில் பிடித்தேன்.

"இந்த வெளிச்சத்தத் தாண்டி மிதிக்காம வாங்க."

என் கையிலிருந்த வெளிச்சத்தை நம்புவதா என்று நின்றான். பிறகு தடவித் தடவி வந்தான். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால். சுருளி நெருங்கிவிடாதபடி, அவன் மூச்சு கேட்ட பக்கமாக நான் நடந்தேன். லாரிப் படியில் ஏறும்போது முத்திருளன் கால் இரண்டு முறை தவறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"ஏறுங்க" என்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டான். நான் அதற்கு முன்னால் நின்றேன்.

"வண்டிய எடுங்க."

"கண்ணு இன்னும் தெளியலண்ணே. வெள்ளையாவே தெரியிது" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ரோட்டோரச் சரளையில் யாரோ குனிந்து கல்லை எடுக்கும் சத்தம். பிறகு நடந்து வரும் சத்தம்.

"ஒதுங்கு மாமா" என்றான் சுருளி.

தலைக்கு மேல் ஜன்னல் கண்ணாடி ஏறியது. கியர் விழவில்லை. நான் நகரவில்லை.