கர்னலின் மதியச் சாப்பாடு

ஜூன் மாதம் பாதி கடந்தபோது ட்ரிமனின் பால் குறையத் தொடங்கியது. அதுவும் சாயங்காலங்களில் மட்டும். காலையில் வாளி நுரைக்கக் கறக்கும் மாடு, மாலையில் வாளியின் அடியை நனைத்துவிட்டு, என்ன செய்வது என்பதுபோல் திரும்பிப் பார்க்கும். டீலியா முதலில் புல்லைச் சந்தேகித்தாள், பிறகு தண்ணீரை, பிறகு ஈக்களை. கோனமாரா வட்டாரத்தின் அந்தக் கல்மேட்டில் அவர்களுக்கென்று இருந்தவை மூன்று துண்டு நிலமும் ஒரு மாடும் ஒரு பன்றியும்தான். வெண்ணெயைக் கடையில் கொடுத்துத்தான் தேயிலையும் சர்க்கரையும் வாங்கியாக வேண்டும். வெண்ணெய் குறைய, சர்க்கரையும் குறைந்தது. பன்னிரண்டு வயது மகள் ஊனா தேநீரைக் கஷாயம் மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

டீலியாவின் கணவன் ஃபெஸ்டிக்கு முதல் நாளே காரணம் தெரிந்துவிட்டது.

"மாட்டுல ஒண்ணும் இல்ல டீலியா. உன் கைதான் முன்ன மாதிரி இல்ல."

அந்த மாட்டையும் அதற்கு முன் அதன் தாயையும் பதினான்கு வருடம் கறந்த கை. டீலியா உருளைக்கிழங்குச் சட்டியை மேசைமேல் கொஞ்சம் பலமாக வைத்தாள், அவ்வளவுதான்.

ஃபெஸ்டிக்கு வேறு கவலைகள் இருந்தன. கவலை என்பதைவிடப் பெருமை என்று சொல்ல வேண்டும். அந்த வருடம் அவனுடைய பன்றி ஊதிக்கொண்டே போனது. பழைய ஜமீன் பங்களாவில் இருந்த ஓய்வுபெற்ற ராணுவத் துரையின் தொப்பையும் நடையும் அதற்கு அப்படியே வாய்த்திருந்ததால் அதைக் கர்னல் என்று கூப்பிட்டான். எல்லாம் தன் தீனியின் மகிமை என்பது அவன் கட்சி. பட்டால் கொப்பளிக்கும் செந்தட்டி இலையைப் பறித்து, உருளைக்கிழங்குத் தோலோடு வேகவைத்து, ஒரு சிட்டிகை உப்பும் கரித்தூளும் போட்டுக் கிளறுவான். அதோடு, பன்றி என்றால் நாளுக்கு நாலு மணி நேரம் காலாற நடக்க வேண்டும் என்றும் ஒரு சித்தாந்தம் வைத்திருந்தான். அடுப்புக்கு எரிமண் வெட்டச் சதுப்புக்குப் போகும்முன் தினமும் கர்னலைத் திறந்துவிட்டுவிட்டுத்தான் போவான்.

டீலியாவின் சந்தேகம் கடைசியில் ஒனோராமேல் போய் நின்றது. பக்கத்து வீட்டு விதவை. ஊற்றுத் தண்ணீருக்கு மதியம் மாட்டு வயல் ஓரமாகத்தான் போவாள், கையில் ஒரு குடுவையோடு. தண்ணீருக்கு எடுத்துப் போகிற குடுவை பாலுக்கும் ஆகும் இல்லையா? டீலியா அவளிடம் சண்டையெல்லாம் போடவில்லை. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது அவளைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தாள். இரண்டு ஞாயிறு இப்படி வானம் பார்த்ததில் கழுத்துதான் வலித்தது.

ஜூலையில் பள்ளி விடுமுறை விட்டதும், ஒரு நாள் மதியம் தாயும் மகளும் கற்சுவருக்குப் பின்னால் பதுங்கினார்கள். ஒனோரா வந்தாள். மாட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தண்ணீரை மொண்டுகொண்டு, முழங்காலைத் திட்டிக்கொண்டே திரும்பிப் போனாள்.

டீலியா எழப்போனாள். ஊனா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

சுவரில் கல் சரிந்த இடத்தின் வழியாகக் கர்னல் உள்ளே வந்தார். அவசரமே இல்லை, சாப்பாட்டு மணி அடித்தபின் கூடத்துக்கு வருகிற பெரிய மனிதரின் நடை. அவரைக் கண்டதும் ட்ரிமன் ஒரு பெருமூச்சு விட்டு, முன்னங்காலை மடக்கிப் படுத்து, பக்கவாட்டில் சரிந்துகொடுத்தது. கர்னல் பக்கத்தில் போய்ப் படுத்துக் காம்பை வாயில் வைத்தார். மாடு கழுத்தை வளைத்து அவர் காதை நக்கிவிட்டது.

ஊனா மேலாடை நுனியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

அன்று மாலையே சொல்லிவிடுவதாகத்தான் டீலியா இருந்தாள். ஆனால் ஃபெஸ்டி சந்தையிலிருந்து தன் அக்காவின் கருத்தையும் சுமந்துகொண்டு வந்திருந்தான். டீலியாவின் குடும்பத்திலேயே கறவைக்கு ராசியான கை கிடையாதாம். கல்யாணத்தின்போதே அக்கா சொன்னாளாம். டீலியா திறந்த வாயை மூடிக்கொண்டாள். மேசைக்கு எதிரே ஊனாவைப் பார்த்தாள். ஊனா ரொட்டியைப் பார்த்தாள். அத்தோடு, சொல்வதில்லை என்ற ஒப்பந்தம் முடிவானது.

ஆகஸ்டில் ஊர்க் கண்காட்சி. கர்னலுக்குத்தான் முதல் பரிசு. நடுவர் பன்றியின் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, என்ன தீனி என்று கேட்டதுதான் தாமதம், ஃபெஸ்டி ஒரு பீப்பாயின்மேல் ஏறிவிட்டான். இலையை எந்த நேரத்தில் பறிப்பது, எத்தனை கொதி விடுவது, கரித்தூள் எந்த மரத்தினுடையது என்று அரைமணி நேரம் பேசினான். கடைசி வரிசையில் நின்ற டீலியா ஒவ்வொன்றுக்கும் பக்தியோடு தலையாட்டினாள். அவளைப் பார்த்து மற்ற பெண்களும் ஆட்டினார்கள்.

மறுவாரம் ஊர் முழுக்கச் செந்தட்டி வெந்தது. அந்த வாடை கோயில் வரைக்கும் அடித்தது.

அதுவரை எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. ஒரு நாள் காலை ஒனோரா வாசலில் வந்து நின்றாள். இரண்டு கையும் கொப்பளித்து, கந்தல் சுற்றியிருந்தது.

"நீ என்கூடப் பேசறதில்லன்னு தெரியும். இருந்தாலும் கேக்கறேன். அவன் சொன்னபடியேதான் செய்யறேன், என் பன்னிக்குட்டி இளைச்சுக்கிட்டே போகுது. எதையாச்சும் விட்டுட்டேனா?"

டீலியாவுக்கு முகம் சுட்டது. அவளை உள்ளே அழைத்து உட்காரவைத்து, கைக்கு வெண்ணெய் தடவிவிட்டாள். தடவியபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: கர்னலை, மாட்டை, தன் சந்தேகத்தையும்கூட. கடைசியாகச் சொன்னதுதான் கடினமாக இருந்தது.

ஒனோரா "என் குடுவையில பாலா?" என்றாள். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. நாற்காலியிலிருந்து நழுவிவிடுவாள்போல் சிரித்து, கண்ணைத் துடைக்கக் கையில்லாமல் டீலியாவின் தோளில் துடைத்துக்கொண்டாள். பிறகு, அடுத்த ஞாயிறு பூசைக்கப்புறம் ஆட்களை அழைத்துவரும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டாள்.

சொன்னபடியே பதினைந்து இருபது பேரைக் கூட்டிவந்தாள், எல்லாரும் பூசை உடுப்போடு. தங்கள் பன்றிகள் ஏன் தேறவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அவர்கள் கிளறுவது சரியில்லை என்று ஃபெஸ்டி ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னான். ஆவி பறக்கும் வாளியைக் கொண்டுவந்து, கரண்டியை உயர்த்திப் பிடித்து விளக்கத் தொடங்கினான். இப்போது இந்த வாசனை பட்டாலே பன்றி எப்படி ஓடிவருகிறதென்று எல்லாரும் பார்க்க வேண்டும் என்றான்.

ஊனா பன்றிக் கொட்டிலின் தாழ்ப்பாளைத் தூக்கினாள்.

கர்னல் ஓடித்தான் வந்தார். வாளியைத் தாண்டி, ஃபெஸ்டியைத் தாண்டி, இரண்டு பெரியவர்களின் கால் நடுவே புகுந்து, சுவர்ச் சந்து வழியாக மாட்டு வயலுக்குப் போனார். ட்ரிமன் பெருமூச்சு விட்டுப் படுத்தது.

எல்லாரும் சுவரோரம் போய் நின்றார்கள். கர்னல் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. முன்வரிசைக் கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஃபெஸ்டி, இதுக்கு உப்பு எப்பப் போடணும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அதன்பிறகு அங்கே எழுந்த சிரிப்பை அடக்க யாராலும் முடியவில்லை. ஃபெஸ்டி கரண்டியைப் பிடித்தபடியே நின்றான். காது மட்டும் சிவந்துகொண்டே போனது.

ஆட்கள் போனபிறகு அவன் அடுப்படிக்கு வந்தான்.

"எப்பலேருந்து தெரியும்?"

"ஜூலை ஆரம்பத்துலேருந்து."

"கண்காட்சிக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

"நான் பீப்பாய்மேல ஏறுறப்பவும் தெரியும்?"

"நீ இறங்குறப்பவும் தெரியும்."

அவன் வெளியே போய்விட்டான். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. டீலியாவுக்கு லேசாகப் பயம் வந்தது. அளவு மிஞ்சிவிட்டோமோ என்று இரவு உணவுக்கு அவனுக்குப் பிடித்த ஆப்பிள் கேக்கைச் செய்தாள். மூன்றாம் நாள் சூப்பு குடிக்கும்போது ஃபெஸ்டியின் கரண்டி பாதி வழியில் நின்றது. உதடு கோணியது. "உப்பு எப்பப் போடணும்னு கேட்டாரு பாரு" என்று சொல்ல ஆரம்பித்தவன் முடிக்க முடியாமல் சூப்பைச் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டான். மூன்று பேரும் சிரித்து முடிக்க வெகு நேரமாயிற்று.

மறுநாள் காலை சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்ச் சுவர்ச் சந்தில் பலகை அடித்தான். அன்று சாயங்காலம் வாளி நிறைந்தது. ஆனால் பலகைக்கு அந்தப் பக்கம் கர்னலும் இந்தப் பக்கம் ட்ரிமனும் நின்று ஒரு வாரம் ஓயாமல் கத்தித் தீர்த்தார்கள். தூக்கம் கெட்ட ஃபெஸ்டி, சனிக்கிழமையானால் அரைமணி நேரம் பலகையை எடுத்துவைக்கலாமா என்று மனைவியிடம் கேட்டான். டீலியா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு மாட்டைக் கறக்கப் போனாள்.