உயிரோடு இருப்பவர்கள் விவரம் அச்சாகாது

வீரபாண்டியில் பனியன் கம்பெனி நடத்தும் லிங்கசாமிக்கு அறுபது நிறையப் போகிறது என்றதும், தனக்கு ஒரு வம்சம் இருப்பது நினைவுக்கு வந்துவிட்டது. மணிவிழாவுக்கு வருகிறவர்கள் கையில் தாம்பூலப் பையோடு வம்சாவளிப் புத்தகம் ஒன்றும் போக வேண்டும். அதற்காக மென்பொருள் வாங்கப்பட்டது. ஷிப்பிங் பிரிவு அனிதாவை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். பெண்களின் விவரங்களை நிரப்பும் வேலை லிங்கசாமியின் தங்கை சித்ரகலாவிடம் போனது. அதை வேறு யாரும் கேட்கவில்லை.

பெயர்ப் பகுதியில்தான் லிங்கசாமி மயங்கினார். பிறந்த பெயர், கல்யாணத்துக்குப் பின் வந்த பெயர், வேறு பெயர்கள் என்று தனித்தனிக் கட்டங்கள். வேறு பெயர்களில் அவர் 'ஏற்றுமதிச் செம்மல்', 'கொங்கு வள்ளல்', 'பின்னலாடைப் பிதாமகன்' என்று ஏற்றச் சொன்னார். மூன்று பட்டமும் அவரே செலவு செய்த விழாக்களில் வாங்கியவை.

"எல்லாப் பேரும் அச்சுல வரோணும். ஒண்ணும் உடக் கூடாது."

"வருமுங்க சார்."

"பொம்பளைங்களுக்கும் கட்டிக்கிட்ட எடத்துப் பேரு வரோணும். எந்தெந்த ஊட்டுல பொண்ணு குடுத்திருக்கறோம்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

அவர் மகள் யாழினி கட்டிக்கொண்ட இடம் மட்டும் நாலு பேருக்குத் தெரியக் கூடாதது. கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த டேனியலோடு அவள் போனபோது, அண்ணன் முகிலன் ஆள் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடினான். கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. தெரியாததால் அல்ல. கடைசியில் லிங்கசாமி உறவுக்காரர்களைக் கூட்டி, மகள் செத்துவிட்டாள் என்று ஆற்றங்கரையில் காரியம் செய்து தலை முழுகினார். முகிலனின் தேடல் அதோடு நின்றது. செத்தவளைத் தேடினால் அப்பன் பொய்யனாகிவிடுவாரே.

யாழினி தாராபுரத்தில் கிருத்திகா என்ற பெயரில் இருப்பது சித்ரகலாவுக்கு மட்டும் தெரியும். யாழினிக்குப் பிறந்த குழந்தை எந்த வம்சத்திலும் இல்லாமல் போகிறதே என்று அவளுக்கு ஒரு குறை. அனிதாவிடம் கேட்டாள்.

"ஏன் கண்ணு, இதுல ஏத்துனா வெளிய தெரியுமா?"

"தெரியாதுங்கக்கா. சார் சொல்லித் தொறந்து உட்டவங்களத் தவிர, உயிரோட இருக்கறவங்க விவரத்த அது அச்சடிக்காது. பேருக்குப் பக்கத்துல 'உயிருடன்'னு மட்டுந்தான் வரும்."

சித்ரகலா எல்லாவற்றையும் ஏற்றினாள். டேனியல், குழந்தை, ஊர், வேறு பெயர்களில் 'கிருத்திகா டேனியல்'.

குலக் கூட்டத்தாரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் பிரதி அனுப்பும் நாள் வந்தது. லிங்கசாமி நாற்காலியை இழுத்து அனிதாவின் பக்கத்தில் போட்டுக்கொண்டு பெயர் வரிசையைப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"யாழினிக்கு 'உயிருடன்'னு இருக்குது?"

"ஆமாங்க சார்..."

"செத்ததாப் போடு."

செத்தவளென்றால் ஏற்றியதெல்லாம் அச்சாகிவிடும் என்று அனிதாவுக்குத் தெரியும். "பேரையே எடுத்துடலாமுங்களே சார்?"

"எடுத்தா ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க. செத்துட்டான்னா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"தேதி கேக்குதுங்க."

"நான் முழுகுன தேதியப் போடு."

ஏன் கூடாது என்று அவள் சொல்லலாம். சொன்னால் மறைத்ததெல்லாம் அவள் வாயாலேயே வெளியே வரும். 'வேறு பெயர்கள்' அச்சில் வருவதற்கான டிக்கை மெதுவாக எடுத்தாள்.

"எம் பட்டமெல்லாம் எங்க போச்சு?" என்றார் உடனே.

டிக் திரும்ப வந்தது. "மத்தியானம் ஒருக்கா சரிபார்த்துட்டு அனுப்பலாமுங்க சார்" என்றாள். அதற்குள் பூமாலையோடு போட்டோகிராபர் வந்துவிட்டிருந்தார். பின்னலாடைப் பிதாமகன் தம் திருக்கரத்தால் பொத்தானை அழுத்தினார். ஆபீஸே கை தட்டியது.

அனிதா கழிப்பறைக்குள் போய் சித்ரகலாவுக்குப் போன் செய்தாள்.

குழுவில் முதலில் பட்டங்களுக்கு வாழ்த்து வந்தது. பிறகு யாரோ யாழினியின் பக்கத்தைப் பார்த்துவிட்டார்கள். ஆழ்ந்த இரங்கல். கண்ணீர் அஞ்சலி. கூப்பிய கைகள் வரிசையாக விழுந்தன. நடுவில் தாராபுரத்துக்காரர் ஒருவர் எழுதினார்: 'டேனியல் சம்சாரம் கிருத்திகாங்களா? எங்க வீதிக் கடைசி ஊடுங்களே. காலைலகூடப் பார்த்தேனுங்க.'

'எந்த வீதிங்க?' என்று கேட்டிருந்தது முகிலன்.

நல்ல மனிதர். வரைபடத்தில் இடத்தைக் குறித்தே அனுப்பிவிட்டார்.

லிங்கசாமி மகன் கேட்டதையும் வந்த பதிலையும் திரும்பத் திரும்பப் படித்தார். போன் அடித்தது. சித்ரகலா.

"அண்ணா, யாழினி வேலைக்குப் போயிருக்கறா. கேட்லயே போன வாங்கி வெச்சுக்குவாங்க. அஞ்சரைக்குத்தான் குடுப்பாங்க. டேனியலும் எடுக்க மாட்டேங்கறாரு. முகிலன் எங்கீங்ணா?"

"இங்கதான்..." என்று ஜன்னல் வழியே பார்த்தார். முகிலன் காரை நிறுத்தும் இடம் காலியாக இருந்தது.

"குரூப்புல ஒரு வரி போடுங்ணா. எம் பொண்ணு உசுரோட இருக்கறா, அவளுக்கு ஒண்ணுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்னு. அத்தன பேரும் பாத்துட்டாங்கன்னா அவன் யோசிப்பான்."

"அத்தன பேருக்கும் முன்னால முழுகுனவன் நானு."

"செத்துப் போனவள இன்னொருக்கா சாகடிச்சா கேக்கறதுக்கு ஆளே இருக்காதுங்ணா!"

அவர் தட்டச்சு செய்யத் தொடங்கினார். 'என் மகள்' வரை வந்தது. அப்போது குலச் சங்கத் தலைவரின் செய்தி மேலே இறங்கியது: 'பெற்ற மகளை இழந்த துயரைத் தாங்கி, குலப் பெருமை காத்த பெருந்தகைக்கு நம் கூட்டம் தலைவணங்குகிறது.' அதன் கீழே கூப்பிய கைகள் பெருகிக்கொண்டே போயின.

லிங்கசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். எழுதியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.

'நன்றி' என்று அனுப்பினார்.

"போட்டுட்டீங்களாண்ணா?" என்று போனுக்குள் சித்ரகலா கேட்டுக்கொண்டேயிருந்தாள். மணி மூன்று.