லாப வருஷத்தில் ஒரு ஜெபம்

தூத்துக்குடியில் அந்த நிதி நிறுவனத்துக்குத் தலைவர் நேசக்குமார் அண்ணாச்சி. ஆண்டுக் கூட்டத்தில் அவர் வாசிக்கும் உரையை எழுதிக் கொடுப்பது காரியதரிசி ஜெபசீலன். துறைமுகத்தில் கப்பல் வரிசைகட்டி நின்ற வருஷங்களில் உரை முழுக்க ‘நான்’தான். நான் திட்டமிட்டேன், நான் சாதித்தேன். சரக்கு குறைந்தால் ‘நாம்’ வந்துவிடும். இன்னும் குறைந்தால் ‘உலகப் பொருளாதாரச் சூழல்’. கொரோனாவுக்கு மறுவருஷம் நிறுவனம் தள்ளாடியபோது, “ஆண்டவர் நம்மைக் கைவிடமாட்டார்” என்று முடித்தார். ஆண்டவரை இழுக்கிற அளவுக்கு நிலைமை வந்துவிட்டதா என்று அங்கே டெபாசிட் போட்டிருந்த லாரிக்காரர்கள் மறுநாளே பணத்தை எடுக்க ஓடிவந்தார்கள். ஜெபசீலனுக்கு ஆறு மாதம் சம்பளம் இல்லை.

இந்த வருஷம் நிஜமாகவே லாபம். உரையில் நாற்பத்தோரு ‘நான்’ போட்டிருந்தான். வீடு கட்டச் சேர்த்த எட்டு லட்சத்தையும் அங்கேயே டெபாசிட் செய்திருந்தான், அவ்வளவு தைரியம்.

கூட்டம் அலுவலக மாடியில். ஆரம்ப ஜெபம் செய்ய வேண்டிய போதகர் துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்.

“நானே ஜெபம் பண்ணிருதேன்” என்றார் அண்ணாச்சி.

ஜெபசீலன் உரைத்தாளை அவர் கையில் திணித்தான். “வேண்டாம் அண்ணாச்சி. நீங்க உரையை வாசிங்க, நான் ஜெபிக்கேன்.”

“ஏலே, எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாதா?” மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடினார். “ஆண்டவரே, எங்களைக் கைவிடாதேயும்...”

முன்வரிசையில் இருந்த லாரி முதலாளி பாண்டித்துரை செருப்பைத் தேடினார். “சோலி முடிஞ்சுட்டு” என்று பக்கத்து ஆளிடம் சொல்லிவிட்டு எழுந்தார். ஆமென் சொல்லி அண்ணாச்சி கண்ணைத் திறந்தபோது நாற்காலிகள் மட்டும் இருந்தன.

ஜெபசீலன் கீழே கேஷ் கவுண்டருக்கு ஓடினான். “அது வெறும் ஜெபம்தான் முதலாளி. நெசமாவே லாபம்தான்” என்று பாண்டித்துரையிடம் கெஞ்சினான்.

“லாபம்னா ஆண்டவருக்கு அங்கன என்ன வேலை?” என்றார் அவர்.

இத்தனை வருஷமாக அப்படி எழுதிப் பழக்கியவன் ஜெபசீலன்தானே. வரிசை தெருமுனையைத் தாண்டியது. எல்லோரும் எடுத்துக்கொண்டு போய்விட்டால் லாபமாவது மண்ணாவது. வெட்கக்கேடுதான், ஆனாலும் எட்டு லட்சம். அவனும் போய்க் கடைசியில் நின்றான்.

தோளில் ஒரு கை விழுந்தது. அண்ணாச்சி. திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

“ஏலே, முன்னால எத்தனை பேரு நிக்கான்?” அவர் கையில் அவருடைய டெபாசிட் ரசீது.

“எண்பது இருக்கும் அண்ணாச்சி.”

“எனக்குக் கொஞ்சம் வழி விடேன்.”

ஜெபசீலன் இடத்தை விட்டு அசையவில்லை.