நூற்றுக்கு ஏழு பேர்

இரும்புக்குள் இருக்கும் அணுக்கள் பக்கத்து அணுவைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவு செய்யும். சூடு ஏற ஏற ஒன்றிரண்டு முரண்டு பிடிக்கும். ஓர் அளவைத் தாண்டினால் மொத்தமும் கலைந்து, காந்தம் வெறும் இரும்பாகிவிடும். மனிதர்களும் அப்படித்தான், சூட்டுக்குப் பதில் பயம் என்று வைத்துக்கொண்டால் போதும். இதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டுவதுதான் என் பிழைப்பு. அலுவலகத்தில் எனக்குப் பெயரே 'காந்தம்'.

எங்கள் கட்டடத்துக்கு எட்டு மாடி. தீப்பிடித்தால் எப்படி இறங்குவது என்று கணக்குப் போடும் வேலையையும் என் தலையில் கட்டினார்கள். படிக்கட்டில் நூறு பேரில் ஏழு பேர் ஓடினாலோ திரும்பினாலோ வரிசை உடைந்து ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள் என்று வந்தது. யாரும் மேலே ஏறக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, முன்னால் போகிறவர் நடந்தால் நடக்க வேண்டும் என்று சுவரில் சிவப்பு எழுத்தில் எழுத வைத்தேன். ஏழாவது மாடியில் ஊழியர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா மட்டும் கூட்டத்தில் எழுந்து, பிள்ளை மேலே இருந்தால் பெற்றவர்கள் சும்மா இறங்குவார்களா என்று கேட்டார். என் கணக்கில் ஒவ்வோர் ஆளும் ஒரு புள்ளி, எல்லாப் புள்ளியும் ஒன்றுதான், பிள்ளை பெற்ற புள்ளி என்று தனியாகக் கிடையாது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். என் ஐந்து வயது மகள் அப்போது அந்த ஆயாவின் அறையில்தான் விளையாடிக்கொண்டிருந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அபாய மணி அடித்தது. ஒத்திகை என்றுதான் நினைத்தேன். கதவைத் திறந்ததும் ஒயர் கருகும் நாற்றம். எங்கள் ஐந்தாவது மாடிப் படிக்கட்டில் இரண்டிரண்டு பேராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். மகள் ஏழாவது மாடியில். மேலே ஓடிவிடலாம், இரண்டே மாடி. ஆனால் எல்லாருடைய கண்ணும் என்மேல்தான் இருந்தது. எழுத வைத்தவளே மேலே ஏறினால் அப்புறம் ஏழு பேர் எதற்கு, நான் ஒருத்தி போதும். வரிசையில் நுழைந்தேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். இறங்க இறங்கப் புகை கண்ணை எரித்தது. எனக்கு முன்னால் லிஃப்ட் மெக்கானிக் அண்ணன். அவர் முதுகையே பார்த்துக்கொண்டு படி படியாக இறங்கினேன்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில், மேலேயிருந்து "அம்மா" என்று ஒரு குரல் கேட்டது. ஆயிரம் பிள்ளைகள் கத்தினாலும் அது எனக்குத் தெரியும்.

"அம்மா, நான் இங்க இருக்கேன்."

மெக்கானிக் அண்ணன் சட்டென்று திரும்பினார். அவர் நின்றதும் பக்கத்தில் இருந்தவரும் நின்றார். பின்னால் யாரோ என் முதுகில் இடித்தார்கள். என் கம்ப்யூட்டரில் இந்த நொடியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அண்ணனின் தோளைப் பிடித்து முன்பக்கம் தள்ளினேன்.

"நேராப் பாருங்கண்ணா. நடங்க."

"உங்க பொண்ணு குரல் மாதிரி இருக்கேம்மா."

"நடங்க."

அவர் நடந்தார். எல்லாரும் நடந்தார்கள். அவள் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள், பிறகு இருமினாள், பிறகு சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மையில் மூன்று மாடி இறங்கினேன். அதுபோல் ஒரு பயத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

வெளியே மேலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, ஒருத்தருக்கும் கீறல்கூட இல்லை, எல்லாம் உன் கணக்குதான் என்றார். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னக் கால்கள் என்பதால் பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள். கடைசியாக, ஒரே கயிற்றைப் பிடித்தபடி ஆயாவின் பின்னால் வந்தார்கள். ஐந்தாவதாக என் மகள், மூக்கடியில் கரியோடு. ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தேன். அவள் கயிற்றை விடவில்லை.

"நான் கூப்பிட்டேன்ல," என்றாள்.

"அம்மாக்குக் கேக்கலடா செல்லம்."

கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் படிக்கட்டுக் கம்பி வழியா கீழ பாத்தேன். உனக்கு முன்னாடி போன மாமாக்குக் கேட்டுச்சு. அவரு திரும்பினாரு. நீதான் அவரத் தள்ளின."